இங்கே இன்னும் இடம் இருக்கிறதா?

ஓர் அயல்மொழியைக் கற்கத் தொடங்குபவர்களுக்குப் பாடநூல்கள் முதலில் வணக்கமும் நன்றியும் சொல்லக் கற்றுத்தருகின்றன. பெயர் என்ன, ஊர் எது, தொழில் என்ன என்று அடுத்தடுத்த பாடங்கள் நீளும். ஜெர்மன் மொழிக்கும் இதே வரிசைதான். ஆனால், ஜெர்மனிக்குப் புறப்படும் மாணவர்களோ செவிலியர்களோ பொறியாளர்களோ, அங்கே சில ஆண்டுகள் படித்தவன் என்ற முறையில் என்னிடம் ‘முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?’ என்று கேட்டால், நான் சொல்வது வேறு. நான்கே சொற்கள் கொண்ட சிறு வினா அது: ‘இஸ்ட் ஹியர் நொஹ் ஃப்ரை?’ இயல்பான தமிழில் சொன்னால், ‘இங்கே இன்னும் இடம் இருக்கிறதா?’

இவ்வினாவைப் பற்றிப் பேச வேண்டிய தேவை இன்று கூடியிருக்கிறது. 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களில் பயின்ற இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 49,000-ஐத் தாண்டியது. அங்கு படிக்கும் அயல்நாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடத்தில் இருந்தனர். இந்தியத் திறன்மிகு தொழிலாளர்களுக்கான விசாக்களின் ஆண்டு எண்ணிக்கையை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு அறிவித்தது. அப்படிச் செல்பவர்களில் தமிழர்களும் கணிசமாக இருக்கின்றனர். அவர்கள் தேர்வுக்காகப் படிக்கும் இலக்கணத்தைத் தேர்வாளர் மதிப்பிடுவார். ஆனால், ரயில் பெட்டியிலும் உணவக மேசையிலும் அவர்களை மதிப்பிடப்போகிறவர்கள் முன்பின் அறியாத சக மனிதர்கள். அங்கே உதவக்கூடிய வினா இது.

பல்கலைக்கழக உணவகத்தில் தட்டை ஏந்தியபடி இடம் தேடும்போதும், நெடுந்தூர ரயிலில் ஒருவர் ஏற்கெனவே அமர்ந்திருக்கும் இரட்டை இருக்கையின் அருகே நிற்கும்போதும், மருத்துவரின் காத்திருப்பு அறையிலும், பூங்கா பெஞ்சிலும், கூட்டம் நிறைந்த தேநீரகத்திலும் இவ்வினாவைக் கேட்கலாம். இளைஞர் முதியவரிடம் கேட்பார். முதியவர் இளைஞரிடம் கேட்பார். பேராசிரியரும் மாணவரும் ஒரே சொற்களில்தான் கேட்பார்கள். வேண்டுமானால் முன்னால் ‘என்ட்ஷுல்டிகுங்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். ‘மன்னிக்கவும்’ என்று பொருள்படும் அச்சொல்லுக்குள் ‘ஷுல்ட்’, அதாவது குற்றம் அல்லது கடன், ஒளிந்திருக்கிறது. அந்தக் குற்றத்தை என்மீதிருந்து நீக்குங்கள் என்பதே அதன் சொற்பொருள்.

கற்பவரின் நோக்கில் பார்த்தால், இவ்வினாவின் முதற்சிறப்பு அதன் எளிமை. ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், அலிவழிப்பால் என மூன்றில் ஒன்று உண்டு. அதற்கேற்ப ‘டேர்’, ‘டீ’, ‘டாஸ்’ என்னும் முன்னொட்டுகள் மாறும். மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் அலிவழிப்பால் என்று மனப்பாடம் செய்வதிலேயே முதல் ஆண்டு கழிந்துவிடும். ‘இந்த இருக்கை காலியா?’ என்று கேட்க வேண்டுமானால் இருக்கையின் பாலை அறிந்திருக்க வேண்டும். ‘இங்கே காலியா?’ என்று கேட்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘ஹியர்’ என்றால் ‘இங்கே’. பெயர்ச்சொல்லே இல்லாத வாக்கியத்தில் பால்பிழை நேர வழியில்லை. நாற்காலி, பெஞ்சு, ரயில் இருக்கை எதுவாயினும் இந்த ஒரே வினா பொருந்தும்.

இரண்டாவது சிறப்பு, இதில் ‘நான்’ இல்லை, ‘நீங்கள்’ இல்லை. நம்முடைய நீ, நீங்கள் போலவே ஜெர்மனிலும் ‘டூ’, ‘ஸீ’ என்று முன்னிலைச் சொற்கள் இரண்டு உண்டு. நெருங்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ‘டூ’. அறிமுகமற்ற பெரியவர்களுக்கும் அலுவல் தொடர்பினருக்கும் ‘ஸீ’. இன்றைய இளைஞர்கள் தமக்குள் முதற்சந்திப்பிலேயே ‘டூ’ என்கிறார்கள். ஆனால், நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் எதைச் சொல்வது என்பதில் ஜெர்மானியர்களே சில நேரம் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். ‘இஸ்ட் ஹியர் நொஹ் ஃப்ரை?’ அந்தத் தயக்கத்துக்கே இடம் வைக்கவில்லை. எதிரில் இருப்பவரின் வயது, பதவி, நெருக்கம் எதையும் அளந்து பார்க்காமல் அவரிடம் மரியாதையாகப் பேச முடிகிறது.

நம் மொழியில் இது எளிதன்று. அறியாதவரிடம் பேசத் தொடங்கும் முன்பே அவரை ஐயா என்பதா, அண்ணா என்பதா, அக்கா என்பதா, தம்பி என்பதா என்று முடிவுசெய்துவிடுகிறோம். அதில் ஓர் உறவின் இளஞ்சூடு இருக்கிறது. கூடவே ஒரு கணக்கெடுப்பும் இருக்கிறது. உடையையும் தோற்றத்தையும் பார்த்து ‘வாங்க’ என்பதா, ‘வா’ என்பதா என்று நாக்கு தீர்மானித்துக்கொள்கிறது. எந்த மொழி உயர்ந்தது என்று சொல்ல நான் இதைக் குறிப்பிடவில்லை. ஒருவர் யார் என்று அறியாமலேயே அவரை மதிப்பதற்கு ஒரு வாக்கியம் கைவசம் இருப்பது, பொது இடங்களில் எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சுட்டவே சொல்கிறேன்.

மூன்றாவது சொல்லான ‘நொஹ்’ மிகச் சிறியது. ‘இன்னும்’ என்று அதற்குப் பொருள். அது இல்லாமலும் வினா நிறைவு பெறும். ‘இஸ்ட் ஹியர் ஃப்ரை?’ என்று கேட்டாலும் புரியும். ஆயினும் அந்தச் சிறுசொல்தான் வாக்கியத்துக்கு மென்மை தருகிறது. ‘நீங்கள் எனக்கு முன்பே வந்துவிட்டீர்கள், உங்களுடன் வந்தவர் யாரேனும் இங்கே அமர்ந்திருக்கலாம், அல்லது வரவிருக்கலாம், அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் சொல்லுங்கள்’ என்ற நீண்ட பணிவுரையை அந்த ஓரசைச் சொல் சுமக்கிறது.

இதில் அனுமதி கேட்கும் தொனி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ‘நான் இங்கே உட்காரலாமா?’ என்பது அனுமதி கோரும் வினா. அமர்ந்திருப்பவர் அந்த இடத்தின் உரிமையாளர் என்று அது ஒப்புக்கொள்கிறது. ‘இங்கே இன்னும் இடம் இருக்கிறதா?’ என்பது ஓர் உண்மையை விசாரிக்கும் வினா. இருக்கை பொதுவுடைமை, அதன் நிலவரம் எனக்கு முன்னால் வந்த உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆகவே கேட்கிறேன் என்பதே அதன் உட்பொருள். மறுமொழி சொல்பவர் தம் விருப்பத்தை அல்ல, உண்மையைச் சொல்லவே அழைக்கப்படுகிறார். அவருடைய முன்னுரிமைக்கு மதிப்பு கிடைக்கிறது. கேட்பவரின் உரிமையும் குறைவதில்லை.

நான்காவது சொல்லான ‘ஃப்ரை’, ஜெர்மானியப் பொது வாழ்வில் எங்கும் கண்ணில் படும். கழிவறைத் தாழ்ப்பாளில் ‘ஃப்ரை’ என்றிருந்தால் உள்ளே ஆளில்லை. விடுதி வாசலில் ‘ட்ஸிம்மர் ஃப்ரை’ என்றிருந்தால் அறை காலியாக இருக்கிறது. ‘ஐன்ட்ரிட் ஃப்ரை’ என்றால் நுழைவு இலவசம். சக்கர நாற்காலியில் வருவோருக்குத் தடையற்ற கட்டடத்தைக் குறிக்கும் சொல்லிலும் இதே ‘ஃப்ரை’ உண்டு. இதிலிருந்து பிறந்ததுதான் ‘ஃப்ரைஹைட்’, அதாவது விடுதலை. காலியான நாற்காலிக்கும் மனித விடுதலைக்கும் அம்மொழியில் ஒரே வேர்.

அந்த வேர் நம் பக்கமும் நீள்கிறது. ‘ஃப்ரை’ என்னும் சொல்லும், வடமொழியின் ‘ப்ரிய’ என்னும் சொல்லும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து கிளைத்தவை என்று மொழியியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த வடமொழிச் சொல்தான் தமிழில் ‘பிரியம்’ என்று வழங்குகிறது. தொடக்கத்தில் ‘அன்புக்குரிய’ என்றிருந்த பொருள், ஜெர்மானிய மொழிகளில் ‘நம்மவர்’, ‘நம் குடியைச் சேர்ந்தவர்’ என்றாகி, பின்னர் ‘அடிமையல்லாதவர்’ என்றாகி, இறுதியில் ‘விடுதலையானவர்’ என்று விரிந்தது என்பது அவர்கள் தரும் விளக்கம். நண்பனைக் குறிக்கும் ‘ஃப்ராய்ண்ட்’, அமைதியைக் குறிக்கும் ‘ஃப்ரீட’ ஆகியவையும் அதே குடும்பம். ‘நம்மவர்’ என்ற எல்லைக்குள் தொடங்கிய ஒரு சொல், இன்று முன்பின் அறியாதவர்கள் பக்கத்தில் அமர்வதற்குக் கேட்கும் வினாவில் வந்து நிற்கிறது.

உச்சரிப்பு நமக்கு அவ்வளவு கடினம் இல்லை. ‘நொஹ்’ என்பதன் இறுதியொலி ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்களுக்குச் சற்றுத் தொல்லை தரும். பலர் அதைக் ‘நொக்’ என்று முடித்துவிடுவார்கள். ‘பகல்’, ‘அகம்’ என்று நாம் சொல்லும்போது இடையில் வரும் ககரம் வல்லோசை இழந்து தொண்டையை உரசிக்கொண்டு வருகிறதல்லவா? அந்த உரசலைச் சற்று அழுத்தி, குரலை விட்டுக் காற்றாக வெளியிட்டால் சரியான ஒலி கிடைத்துவிடும். ‘ஹியர்’ என்பதில் ஈற்று ரகரத்தை நாம் எழுதுவதுபோல் முழுதாக ஒலிக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய ‘ஹீயா’ என்று தேய்ந்து ஒலிக்கும். வினாவின் முடிவில் ‘ஃப்ரை’ என்ற சொல்லில் குரல் மேலெழ வேண்டும்.

கேட்கக் கற்றுக்கொண்டால் போதாது; மறுமொழியைப் புரிந்துகொள்ளவும் வேண்டும். ‘யா, பிட்டெ’ என்றால் ‘ஆம், அமருங்கள்’. ‘யா, கேர்ன’ என்றால் ‘ஆம், மகிழ்ச்சியுடன்’. ‘லைடர் நிஷ்ட்’ என்றால் ‘வருந்துகிறேன், இல்லை’. ‘ஹியர் இஸ்ட் பெசெட்ஸ்ட்’ என்றால் ‘இங்கே ஆள் இருக்கிறார்’. சிலர் வினாவையே தலைகீழாக்கி, ‘இஸ்ட் ஹியர் பெசெட்ஸ்ட்?’ என்று கேட்பார்கள். ‘இங்கே ஆள் இருக்கிறாரா?’ என்பது அதன் பொருள். அப்போது ‘இல்லை’ என்பதுதான் அமர்வதற்கான அழைப்பு. ‘ஆம்’ என்றால் வேறிடம் பார்க்க வேண்டும். எந்த வினாவைக் கேட்டோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு விடையைக் கேட்பது நல்லது.

இவ்வினாவுக்கு அங்கே இவ்வளவு வேலை இருப்பதற்கு ஜெர்மன் ரயில்களின் நடைமுறையும் ஒரு காரணம். நம் நாட்டின் முன்பதிவுப் பெட்டிகளில் பயணச்சீட்டோடு இருக்கை எண்ணும் வந்துவிடும். ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் இரண்டாம் வகுப்புப் பயணச்சீட்டு பயணத்துக்கான உரிமையை மட்டுமே தருகிறது. இருக்கை வேண்டுமானால் தனியாகக் கட்டணம் செலுத்திப் பதிவுசெய்ய வேண்டும். பதிவுசெய்த இருக்கைகளின் மேலோ பக்கவாட்டிலோ, எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை என்று சிறு திரையில் ஒளிரும். பதிவுசெய்தவர் ரயில் புறப்பட்டு 15 நிமிடங்களுக்குள் வந்து அமராவிட்டால் அந்த உரிமை காலாவதியாகிவிடும். ‘தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கவும்’ என்ற பொருளில் ஒளிரும் இருக்கைகளும் உண்டு. கடைசி நேரத்தில் யாரேனும் அவற்றைப் பதிவுசெய்யக்கூடும். வட்டார ரயில்களில் பொதுவாக முன்பதிவே கிடையாது.

ஆகவே ஏறுபவர்களில் பெரும்பாலோர் திரையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, வினாவைக் கேட்டுத்தான் அமர வேண்டியிருக்கிறது. 2022 கோடையில் மூன்று மாதங்களுக்கு வழங்கப்பட்ட மாதம் 9 யூரோ சலுகைச் சீட்டும், அதைத் தொடர்ந்து 2023 மே மாதம் 49 யூரோ விலையில் அறிமுகமான நாடு தழுவிய மாதாந்திரச் சீட்டும் வட்டார ரயில்களைப் பயன்படுத்துவோரின் வட்டத்தை விரிவாக்கின. நெரிசலான ரயிலில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்திருப்பவர்கள் அங்கும் உண்டு. அவர்களிடமும் இதே வினாதான். குற்றச்சாட்டாக எதையும் சொல்லாமலேயே, பையை மடிக்கு நகர்த்த அது போதும்.

உணவகங்களில் வேறொரு மரபு இதற்குத் துணைநிற்கிறது. கூட்டமான நேரங்களில், எளிய உணவகங்களில், அறிமுகமற்றவர்கள் ஒரே மேசையைப் பகிர்ந்துகொள்வது அங்கு இயல்பு. பவேரியாவின் திறந்தவெளி மதுத்தோட்டங்களில் இது தெளிவாகத் தெரியும். நிலத்தடியில் பீரைக் குளிர்வித்துவந்த ஆலைகள் மரநிழலில் அதை நேரடியாக விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு உணவை விற்கக் கூடாது என்று மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் 1812-இல் ஆணையிட்டார். மக்கள் தம் உணவைத் தாமே கொண்டுவந்து நீண்ட மர மேசைகளில் பரப்பினர். சொந்த உணவைக் கொண்டுவரும் வழக்கம் இன்றும் அங்கே தொடர்கிறது. பத்துப் பேர் அமரும் மேசையில் இருவர் மட்டும் இருந்தால், மூன்றாவதாக வருபவர் கேட்கும் முதல் வாக்கியம் இதுவே.

விதிவிலக்குகளும் உண்டு. சில உணவகங்களில் ஒரு மேசைமீது ‘ஷ்டம்டிஷ்’ என்ற பலகை இருக்கும். அது நெடுநாள் வாடிக்கையாளர்களின் குழுவுக்கு உரிய மேசை. காலியாக இருந்தாலும் அங்கே அமர்வது முறையன்று. உயர்தர உணவகங்களில் பணியாளர் வந்து இடம் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். ரயில் பெட்டி முழுவதும் காலியாக இருக்கையில், தனியே அமர்ந்திருக்கும் ஒருவரின் அருகே சென்று இவ்வினாவைக் கேட்டால் அவர் வியப்போடுதான் பார்ப்பார். நகர ரயில்களில் இரண்டு மூன்று நிறுத்தங்களுக்காக ஏறுபவர்கள் ஒரு தலையசைப்போடு அமர்ந்துவிடுவார்கள்.

அமர்ந்த பிறகு பேச வேண்டிய கடமை எதுவும் இல்லை. இது நம்மவர்க்கு முதலில் சற்று விசித்திரமாகத் தோன்றும். ஒரே மேசையில் அரைமணி நேரம் அமர்ந்து, உணவு வந்ததும் ‘கூட்டென் அப்பெடீட்’ என்று வாழ்த்திவிட்டு, பிறகு அவரவர் உலகில் மூழ்கிவிடலாம். அதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒருவரின் தனிமையைக் காப்பதும் அங்கே பண்பாட்டின் பகுதி. எழும்போது ‘ஷோனென் டாக் நொஹ்’ என்று சொல்வார்கள். ‘மிச்சமுள்ள நாளும் இனிதாகட்டும்’ என்று பொருள். அதே ‘நொஹ்’ இங்கேயும் வருகிறது.

இவ்வினாவின் முழுப் பொருளை நான் உணர்ந்தது அதைக் கேட்டபோது அல்ல, என்னிடம் கேட்கப்பட்டபோதுதான். அங்கு சென்ற சில வாரங்களில், வட்டார ரயில் ஒன்றில் மூதாட்டி ஒருவர் என் பக்கத்து இருக்கையைக் காட்டி அந்த நான்கு சொற்களையும் சொன்னார். அந்த நாட்டில் அவருக்கு வயது எழுபதுக்கும் மேல். எனக்கு வயது சில வாரங்கள். ஆயினும் அந்த இருக்கையைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று அவர் எடுத்துக்கொண்டார். ‘யா, பிட்டெ’ என்றேன். விசாவும் வசிப்பிடப் பதிவும் எனக்கு அங்கே தங்கும் உரிமையைத் தந்திருந்தன. அங்கிருப்பவர்களில் நானும் ஒருவன் என்ற உணர்வை அந்த வினா தந்தது.

இந்த உணர்வைச் சிறிதாக மதிப்பிட முடியாது. ஏனெனில், யார் எங்கே அமரலாம் என்பதை அரசே வகுத்த காலமும் அந்நாட்டின் வரலாற்றில் உண்டு. நாஜி ஆட்சியில் யூதர்கள் பொது வாழ்விலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டார்கள். 1935 நியூரம்பர்க் சட்டங்கள் அவர்களின் குடியுரிமையைப் பறித்தன. பூங்கா பெஞ்சுகளில் ‘ஆரியர்களுக்கு மட்டும்’ என்று எழுதினார்கள். பெர்லினின் ஷோனபெர்க் பகுதியில், மஞ்சள் அடையாளமிட்ட பெஞ்சுகளில் மட்டுமே யூதர்கள் அமரலாம் என்ற நிலை 1939-இல் இருந்தது. 1942-இல் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துவதே அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. வதைமுகாம்களுக்கான பாதை பூங்கா பெஞ்சுகளின் வழியாகவும் சென்றது.

அதே ஷோனபெர்க் பகுதியில், பையரிஷர் ப்ளாட்ஸ் சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்று 80 பலகைகள் விளக்குக் கம்பங்களில் தொங்குகின்றன. ரெனாட்டா ஷ்டி, ஃப்ரீடர் ஷ்னொக் என்னும் கலைஞர்கள் 1993-இல் அமைத்த நினைவுச்சின்னம் அது. பலகையின் ஒரு பக்கத்தில் எளிய வண்ணப் படம். மறுபக்கத்தில் யூதர்களுக்கு எதிரான ஆணை ஒன்றின் வாசகமும் அதன் தேதியும். மஞ்சள் பெஞ்சு பற்றிய பலகையும் அவற்றில் உண்டு. கடைக்குப் போகிறவர்களும் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளும் நாள்தோறும் அதன் கீழே நடக்கிறார்கள். அதைப் படித்த பிறகு, ‘இங்கே இன்னும் இடம் இருக்கிறதா?’ என்ற வினா வெறும் நாகரிகச் சொல்லாக என் காதில் விழுவதில்லை. எந்தப் பெஞ்சிலும், எவரும், எவரிடமும் அதைக் கேட்கலாம் என்ற நிலை தானாக வந்ததன்று.

இன்றும் அந்நிலை முழுமையாக எட்டப்பட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். நெரிசலான பேருந்திலும் தங்கள் பக்கத்து இருக்கை மட்டும் நெடுநேரம் காலியாகவே இருப்பதைப் பற்றி, கருத்த தோலும் முக்காடும் உடைய நண்பர்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். மரியாதையான வாக்கியம் ஒன்று நிறவெறியைக் கரைத்துவிடாது. ஆனால், பக்கத்தில் வந்து அமர்வதற்கு எவ்வளவு எளிய வழி இருக்கிறது என்பதை அது காட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காலி இருக்கை வலிப்பதும் அதனால்தான்.

நமக்கும் இதில் யோசிக்க இருக்கிறது. பேருந்து சன்னல் வழியே துண்டை எறிந்து இடம்பிடிப்பதும், ‘ஆள் வருது’ என்று ஒற்றைச் சொல்லில் மறுப்பதும் நாம் அறிந்த காட்சிகளே. அவற்றைச் சிரித்துக் கடந்துவிடலாம். அப்படிக் கடந்துவிட முடியாத வரலாறு ஒன்றும் நமக்கு உண்டு. இரட்டைக் குவளை முறை இருந்த தேநீர்க் கடைகளில் பெஞ்சுகளும் பிரிந்துதான் இருந்தன. கடை வாசலில் தரையில் குந்தியே தேநீர் குடிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டவர்கள் நம் ஊர்களில் வாழ்ந்தார்கள். பக்கத்தில் அமர்பவர் யார் என்று அறிய ஊரையும் தெருவையும் விசாரிக்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை. எதையும் விசாரிக்காமல், இடம் இருக்கிறதா என்பதை மட்டும் விசாரிப்பதன் அருமை நமக்குத்தான் நன்றாக விளங்க வேண்டும்.

ஜெர்மானியப் பண்பாட்டில் நன்னடத்தை என்றதும் நினைவுக்கு வரும் பெயர் அடோல்ஃப் க்னிகெ. 1788-இல் அவர் எழுதிய ‘மனிதர்களோடு பழகுவது பற்றி’ என்னும் நூலால் அவர் பெயரே நன்னடத்தைக்கான சொல்லாக அம்மொழியில் வழங்குகிறது. முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று அந்நூல் சொல்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், பல்வேறு நிலைகளிலும் இயல்புகளிலும் உள்ள மனிதர்களோடு எப்படி இணங்கி வாழ்வது என்பதே அதன் பொருள். அந்த நோக்கத்துக்கு நான்கு சொற்களில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், நான் இவ்வினாவையே காட்டுவேன்.

ஆகவே, ஜெர்மனிக்குப் புறப்படும் இளையோர் இதை விமானம் ஏறும் முன்பே நாவில் பழக்கிக்கொள்ளட்டும். கண்ணாடி முன் நின்று பத்து முறை சொல்லிப் பார்த்தால் போதும். அங்கே சென்றதும் முதல் வாரத்திலேயே கேட்கத் தொடங்கட்டும். மொழி முழுதாக வரும்வரை ஒதுங்கி நின்றுகொண்டே உண்ண வேண்டாம். பிறர் வந்து கேட்கும்போது பையை மடிக்கு மாற்றிக்கொண்டு, தயங்காமல் ‘யா, பிட்டெ’ என்று சொல்லவும் பழகட்டும்.